கோச் மாறினா டீம் மாறுமா?

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்ல. தலையில் ஹெல்மெட், தோளில் பேட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். ரூல்ஸ் தெரியலன்னாலும் பரவாயில்லை, இந்தக் கட்டுரைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 14-1 என்று எழுதினால் 14 வெற்றி, 1 தோல்வி.

2024 ஜனவரி 10. அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச் நிக் சேபன், 72 வயது, ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னார். இரண்டே நாளில் அந்த நாற்காலிக்கு வாஷிங்டன் பல்கலைக்கழக கோச் கேலன் டிபோர் வந்துவிட்டார். வாஷிங்டன் காலி. அங்கே அரிசோனாவிலிருந்து ஜெட் ஃபிஷ் போனார். அரிசோனா காலி. அங்கே சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து பிரென்ட் பிரெனன். சான் ஹோசே காலி. அங்கே கென் நியுமட்டலோலோ. ஒருத்தர் ரிட்டயர் ஆனதற்கு இரண்டு வாரத்துக்குள் நாலு காலேஜில் ஹெட் கோச் மாறியாச்சு. ஒவ்வொரு டீமிலும் நூறு பேர் அளவில் பசங்க. எல்லாரும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. நம்ம செட்டு.

அடுத்த சீசனில் என்ன ஆச்சு? முந்தைய வருடம் 14-1 எடுத்து தேசிய இறுதிப் போட்டி வரை போன வாஷிங்டன் 6-7. அரிசோனா 10-3லிருந்து 4-8. அலபாமா 12-2லிருந்து 9-4. சான் ஹோசே மட்டும் 7-6லிருந்து அதே 7-6, யாருக்கும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

பார்த்தவுடனே "கோச் போனார், டீம் காலி" என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் வாஷிங்டனின் குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் எப்படியும் அந்த வருடம் ப்ரொஃபஷனல் லீகான என்எஃப்எல்லுக்குப் போகிறவர்தான். அவரோடு இன்னும் பல பேர். டிபோர் இருந்திருந்தாலும் 14-1 திரும்ப வந்திருக்குமா? இந்தக் கேள்வியோட சிக்கலே இதுதான். கோச் மாறும்போது கோச் மட்டும் மாறுவதில்லை.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இன்னொரு விஷயம் பிடிபடாது. ஒரு காலேஜ் கோச்சுக்கு ஏன் இவ்வளவு பில்டப்? அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு கிளப் கிடையாது, அகாடமி கிடையாது. பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்எஃப்எல் எடுக்காது. நடுவில் இருக்கும் ஒரே பாலம் காலேஜ். எந்தப் பள்ளி மாணவனைக் கூட்டி வருவது, யாருக்கு ஸ்காலர்ஷிப், யார் களத்தில், யார் பெஞ்சில் என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் ஹெட் கோச். அவருக்குக் கீழே ஆஃபென்ஸுக்கு ஒரு கோஆர்டினேட்டர், டிஃபென்ஸுக்கு ஒருவர், ஒவ்வொரு பொசிஷனுக்கும் தனித்தனி கோச். ஹெட் கோச் கிளம்பினால் இவர்களில் பாதிப் பேர் அவரோடு கிளம்புவார்கள், மீதிப் பேர் வேலை தேடுவார்கள். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பாதியில் இருக்கும்போது கைடு வேற காலேஜுக்குப் போய்ட்டார், கூடவே ஹெச்ஓடியும் லேப் அசிஸ்டண்டும் போய்ட்டாங்க, புதுசா வந்தவர் "இந்த டாபிக்கே வேண்டாம்"னு சொல்றார். அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சேபன் 2007-ல் அலபாமாவுக்கு வந்த கதையைத்தான் எல்லாரும் உதாரணமாகச் சொல்வார்கள். எட்டு வருடத்துக்கு 32 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம். முதல் சீசன் 7-6. அதிலும் லூசியானா-மன்ரோ என்ற சின்ன காலேஜிடம் சொந்த மைதானத்திலேயே 21-14 என்று தோல்வி. மூன்றாவது சீசனில் 14-0, தேசிய சாம்பியன். மொத்தம் அங்கே ஆறு பட்டம். 2007-ல் 25 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த அலபாமாவின் மாணவர் எண்ணிக்கை 2015-ல் 37 ஆயிரத்தைத் தாண்டியது. அதில் வெளிமாநில மாணவர்களுக்கு அள்ளி விட்ட ஸ்காலர்ஷிப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் டிவியில் வாராவாரம் அந்த காலேஜ் பெயர் ஓடியது சும்மா இல்லை. இந்த ஒரு கதையைப் பார்த்துத்தான் மற்ற காலேஜ்கள் எல்லாம் "நமக்கும் ஒரு சேபன்" என்று செக் புக்கைத் திறந்தன. 2007-ல் அவருடைய உதவியாளர் கூட்டத்தில் கர்ட் சிக்னெட்டி என்று ஒருவர் இருந்தார். பெயரை மனசில் வையுங்கள், பின்னால் வருவார்.

ஜார்ஜியா டெக்கில் நடந்தது

எம்.எஸ். அப்ளிகேஷன் போட்ட சீனியர்கள் எல்லாரும் ஒருமுறையாவது ஜார்ஜியா டெக் வெப்சைட்டைத் திறந்திருப்பார்கள். ஃபுட்பால் ஆடுகிறவனாக இருந்தாலும் கால்குலஸ் எடுக்காமல் தப்பிக்க முடியாத காலேஜ். அங்கே 2008 முதல் 2018 வரை கோச் பால் ஜான்சன். அவருடைய முறைக்குப் பெயர் ட்ரிபிள் ஆப்ஷன்.

அது என்னன்னா, எதிர் டீமில் ஒரு ஆளை வேணும்னே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தைக் கையில் வைத்திருக்கும் குவாட்டர்பேக் அவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று பார்ப்பான். பார்த்துவிட்டு நடுவில் ஓடுகிறவனிடம் கொடுப்பான், இல்லன்னா தானே ஓடுவான், அதுவும் இல்லன்னா ஓரமாக ஓடி வருகிறவனுக்குத் தட்டி விடுவான். சுத்தமான இஃப்-எல்ஸ். நீளமான பாஸ் எறிவது குறைவு. இதற்கு மலை மாதிரி உடம்பு வேண்டாம், வேகமும் ஒழுங்கும் போதும். பெரிய காலேஜ்கள் பெரிய உடம்புக்காரர்களை அள்ளிக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பவர்களை வைத்து ஜெயிக்க இது நல்ல வழி. எதிர் டீமுக்கும் இதைப் பழகிக்கொள்ள ஒரே வாரம்தான் கிடைக்கும். 2014-ல் 11-3 எடுத்து ஆரஞ்சு பவுலையே ஜெயித்தார்கள்.

ஜான்சன் ஓய்வு பெற்றார். 2019-க்கு ஜெஃப் காலின்ஸ் வந்தார். ட்ரிபிள் ஆப்ஷன் பழைய காலத்து ஆட்டம், நாம் மாடர்ன் டீம் ஆகிறோம் என்றார்கள். அட்லாண்டாவின் 404 ஏரியா கோடை வைத்து பிராண்டிங் எல்லாம் செய்தார்கள். போஸ்டர் நன்றாகத்தான் இருந்தது.

பிரச்சினை என்னவென்றால், பதினொரு வருடமாக ஒரு வேலைக்கென்றே தேர்ந்தெடுத்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். புது முறைக்கு நின்று தடுக்கும் கனமான லைன்மேன்கள் வேண்டும். இருந்தவர்கள் ஓடித் தடுக்கும் இளைத்தவர்கள். புது முறைக்கு டைட் எண்ட் வேண்டும். பழைய முறையில் அந்த இடமே கிடையாது. பாஸ் எறியும் குவாட்டர்பேக் வேண்டும். இருந்தவர்கள் ஓடுவதற்காக எடுக்கப்பட்டவர்கள். 2019 செப்டம்பரில் த சிட்டடெல் என்ற ராணுவக் கல்லூரி வந்து, ஒரு படி கீழே ஆடும் டீம், கூடுதல் நேரத்தில் 27-24 என்று ஜார்ஜியா டெக்கை அடித்துவிட்டுப் போனது. சிட்டடெல் ஆடிய முறை என்ன தெரியுமா? ட்ரிபிள் ஆப்ஷன். பழைய காலத்து ஆட்டம்!

காலின்ஸின் மூன்று முழு சீசனிலும் மும்மூன்று வெற்றிதான். நான்காவது சீசனில் 1-3 ஆனதும் அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 10-28. அவரை மோசமான கோச் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதற்கு முன் டெம்பிள் காலேஜில் அவர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். என் கணிப்பில் தப்பு அவரைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் இருக்கிறது. கையில் இருக்கும் ஆட்களுக்கும் வாங்கி வந்த முறைக்கும் சம்பந்தமே இல்லை, அந்த இடைவெளியை நிரப்ப எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் கணக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை. நடுவில் மாட்டியது 2016-லும் 2017-லும் ஜான்சனை நம்பிச் சேர்ந்த பசங்க.

காலின்ஸுக்குக் கீழே லைன் கோச்சாக இருந்த பிரென்ட் கீ, தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அதே காலேஜில் படித்து, அதே டீமில் லைன்மேனாக ஆடியவர். அதே ஆட்கள், அதே சீசன், மீதி எட்டு ஆட்டத்தில் 4-4. பிறகு நிரந்தரமாக்கினார்கள். 7-6, திரும்ப 7-6, 2025-ல் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள்.

சரி, ஒன்றிரண்டு கதைகளை வைத்து முடிவுக்கு வர முடியாது, டேட்டா எங்கே என்று கேட்பீர்கள். கேட்கணும். 2013-ல் சோஷியல் சயின்ஸ் குவார்ட்டர்லி இதழில் ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி என்ற மூன்று அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1997 முதல் 2010 வரையான மேல்மட்ட காலேஜ் டீம்கள். ஒரே மாதிரி மோசமாக ஆடிய இரண்டு டீம்களை எடு. ஒன்று கோச்சை மாற்றியது, இன்னொன்று மாற்றவில்லை. பிறகு என்ன ஆச்சு என்று ஒப்பிடு. ரொம்ப மோசமான டீம்களில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சுமாராக ஆடிய டீம்கள் கோச்சை மாற்றியபோது, மாற்றாத டீம்களைவிட அடுத்த சில வருடங்கள் மோசமாக ஆடின.

ப்ராபபிலிட்டி பேப்பரை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு முதல் பாதி ஆச்சரியமாக இருக்காது. ஒரு டீம் 1-11 எடுத்தால் அதில் திறமைக் குறைவோடு கொஞ்சம் துரதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அடுத்த வருடம் யார் வந்தாலும் சராசரியை நோக்கிக் கொஞ்சம் ஏறும். ஏறியதற்கு மாலை புது கோச் கழுத்தில் விழும்.

போர்ட்டல் வந்த பிறகு

அந்த ஆய்வு 2010-ல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஆட்டத்தின் அடிப்படையே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு மாணவன் காலேஜ் மாறினால் ஒரு சீசன் சும்மா உட்கார வேண்டும். கோச் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போய் மறுநாள் வேறு காலேஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டு பிரஸ் மீட்டில் நிற்கலாம். 2018-ல் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு வந்தது. 2021-ல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜே விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு வரம்பு 20.5 மில்லியன் டாலர்.

இதனால் புது கோச்சுக்கு நாலு வருடம் காத்திருக்கும் அவசியம் போய்விட்டது. தனக்கு வேண்டிய ஆட்களை ஒரே ஆஃப்-சீசனில் இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது சிக்னெட்டி. 2010-க்குப் பிறகு அலபாமா உதவியாளர் வேலையை விட்டுவிட்டு, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பென்சில்வேனியாவில் இரண்டாம் டிவிஷன் காலேஜ் ஒன்றுக்கு ஹெட் கோச்சாகப் போனார். ஐம்பது வயதை நெருங்கும்போது. அங்கிருந்து ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். 2023 கடைசியில் இண்டியானா பல்கலைக்கழகம் கூப்பிட்டது. அதுவரை மேல்மட்டக் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சுமந்த டீம் அது; அந்த வருடம் 3-9. அவர் தன்னுடைய இரண்டு கோஆர்டினேட்டர்களையும் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். 2024-ல் 11-2. 2025-ல் 16-0, தேசிய சாம்பியன். சினிமாவில் வைத்திருந்தால் லாஜிக் இல்லை என்று சொல்லியிருப்போம்.

வந்த 13 பேரும் பெரிய ஸ்டார்கள் கிடையாது. ஆனால் அந்த முறை அவர்களுக்கு மனப்பாடம். மற்றவர்களுக்கு ப்ராக்டிஸில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆட்கள் டீமுக்குள்ளேயே இருந்தார்கள். ஜார்ஜியா டெக்கில் இல்லாமல் போனது அதுதான்.

அதே வழியில் போய் வேறு மாதிரி முடிந்தது கொலராடோ. 2022-ல் 1-11. டியான் சாண்டர்ஸ் வந்தார், என்எஃப்எல்லில் ஆடிக் கொடிகட்டிப் பறந்தவர். முதல் மீட்டிங்கிலேயே இருக்கும் பசங்களைப் பார்த்து, போர்ட்டலில் பேரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், எனக்கான ஆட்களை நானே கொண்டு வருகிறேன் என்ற தொனியில் பேசினார். அந்த வீடியோ நெட்டில் சுற்றியது. 50-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். முதல் சீசன் 4-8, இரண்டாவது 9-4. ட்ராவிஸ் ஹன்டருக்கு அந்த வருடம் ஹைஸ்மன் விருது. ஹன்டரும் கோச்சின் மகன் ஷெடூரும் என்எஃப்எல்லுக்குப் போனதும் 2025-ல் 3-9. இரண்டு நட்சத்திரங்களை வைத்துக் கட்டிய வீடு, அவர்கள் போனதும் கூரை இல்லை. வெளியே அனுப்பப்பட்ட அந்த ஐம்பது பேரில் பெரும்பாலானவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுசாகாது. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது மீதி ஒப்பந்தத்துக்காகச் சுமார் 76 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நம்ம பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல், வேலை செய்யாமல் இருப்பதற்கு! எல்எஸ்யு 2025 அக்டோபரில் பிரையன் கெல்லியை அனுப்பியபோது பாக்கி 54 மில்லியன் அளவில். இப்படிப்பட்ட ஒப்பந்தம் ஏன் போடுகிறார்கள்? நல்ல கோச் ஒருத்தர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய ஏஜென்ட் வேறு காலேஜ் பெயரைக் காதில் போடுவார். பயந்துபோய் நீட்டிப்பு கொடுப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அதே காகிதம் கழுத்தைப் பிடிக்கும். எதிர்த்திசையில் இந்தக் கணக்கு சின்னது. டிபோர் வாஷிங்டனை விட்டுப் போனபோது வாஷிங்டனுக்குக் கிடைத்தது 12 மில்லியன் அளவில்தான்.

அந்த எல்எஸ்யு நாற்காலிக்கு வந்தவர் லேன் கிஃபின். 2025 நவம்பர் 30 அன்று, ஓல் மிஸ் காலேஜை 11-1 என்று நிறுத்தி, ப்ளேஆஃப் ஆரம்பிக்கும் முன்பே கிளம்பினார். ப்ளேஆஃப் வரை நானே நடத்துகிறேன் என்று கேட்டார். ஓல் மிஸ் நிர்வாகம் முடியாது என்றுவிட்டது. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக இருந்த பீட் கோல்டிங் பொறுப்பேற்றார். பசங்க டுலேனை ஜெயித்து, ஜார்ஜியாவை ஜெயித்து, அரையிறுதியில் மயாமியிடம்தான் தோற்றார்கள். திடீரென்று கோச் மாறினால் எல்லாம் போச்சு என்பதும் உண்மை இல்லை. முறை தெரிந்த ஆட்கள் உள்ளே இருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அடுத்த வருடம் வேறு கதை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த நானூறு பேருக்கு வருவோம். ஹெட் கோச் போனால் போர்ட்டலில் பதிய அந்த டீமுக்கு மட்டும் தனியாக 30 நாள் அவகாசம் அப்போது உண்டு. முப்பது நாளில் முடிவெடுக்கணும், அதுவும் அடுத்த செமஸ்டர் தொடங்கும் நேரத்தில். அலபாமாவில் முதல் வருடத்திலேயே கலக்கிய கேலெப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார், அந்த சீசனே சாம்பியன் ஆனார். அரிசோனாவில் நோவா ஃபிஃபிட்டா, டெட்டைரோவா மெக்மில்லன் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். கோச் வாஷிங்டனுக்குப் போனபோது சில டீம்மேட்டுகள் பின்னாலேயே போனார்கள். இவர்கள் இருவரும் போகவில்லை. கிடைத்தது 4-8. மெக்மில்லன் அதன் பிறகும் என்எஃப்எல் தேர்வில் எட்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். ஃபிஃபிட்டா அங்கேயே இருந்து 2025-ல் ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். போனவன் புத்திசாலி, இருந்தவன் ஏமாளி என்று சொல்ல முடியாது, தலைகீழாகவும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பிடித்த டீம் ஜேம்ஸ் மேடிசன். 2014-லிருந்து பாருங்கள். எவரெட் விதர்ஸ் இரண்டு வருடம் இருந்துவிட்டு டெக்சஸ் ஸ்டேட்டுக்குப் போனார். அடுத்து வந்த மைக் ஹூஸ்டன் முதல் வருடமே கீழ்மட்டப் பிரிவில் தேசிய பட்டம் வாங்கிக் கொடுத்து, பிறகு ஈஸ்ட் கரோலினாவுக்குப் போனார். அடுத்து சிக்னெட்டி, 13 பேரைக் கூட்டிக்கொண்டு இண்டியானா. அடுத்து பாப் செஸ்னி, 2024-ல் 9-4, 2025-ல் ப்ளேஆஃப், அவரும் யுசிஎல்ஏவுக்குப் போயாச்சு. ஆனால் அவரை ப்ளேஆஃப் முடியும் வரை இருந்து நடத்த விட்டார்கள். நாலு கோச் போயும் டீம் சரியவில்லை. நல்லவர் போகத்தான் போகிறார் என்று தெரிந்தே, தங்களிடம் இருக்கும் பசங்களுக்கு ஒத்துவருகிற, சின்ன இடங்களில் ஜெயித்துக் காட்டிய ஆளாகப் பார்த்து எடுக்கிறார்கள்.

இந்த முறை மட்டும் வேறு மாதிரி. 2025 அக்டோபரில் ஃப்ளோரிடா அனுப்பிய பில்லி நேப்பியரை எடுத்திருக்கிறார்கள். ஏறி வருகிறவர்களையே எடுத்துப் பழகிய காலேஜ், மேலிருந்து இறங்கி வந்த ஒருவரை எடுத்திருக்கிறது. என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்.